டர்பன்ல நம்ம பசங்களுக்கு எல்ஜிபிடி வரலாறு சொல்லித்தர ஆர்கைவ எப்படி பயன்படுத்தலாம்?

சனிக்கிழமை_டீச்சர் (சாட்ஸ்வர்த்)

வணக்கம் எல்லாருக்கும். சாட்ஸ்வர்த்ல சனிக்கிழமை காலைல தமிழ் கிளாஸ் எடுக்கறேன். முதல்ல எழுத்து, அப்புறம் கொஞ்சம் நம்ம வரலாறு, ஏன்னா எழுத்து மட்டும் சொல்லிட்டே இருந்தா பெரிய பசங்க செல்ல நோண்ட ஆரம்பிச்சுடுறாங்க. போன வருஷம் அந்தக் காலத்துல ஒப்பந்தக் கூலியா வந்தவங்களோட கப்பல் லிஸ்ட் வச்சு ஒரு ப்ராஜெக்ட் செஞ்சோம், யாரோட கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாரு, மெட்ராஸ் பக்கம் எந்த ஊரு, காலனியல் நம்பர் என்னன்னு தேடினாங்க. நிறைய வீட்டுல ஓசிஐ கார்டுக்காக (இந்திய வம்சாவளிக்கு இந்தியா குடுக்கற கார்டு) அந்தப் பேப்பர ஏற்கனவே வாங்கி பைல்ல போட்டு வச்சிருந்தாங்க, அதனால ஆர்கைவ்னா என்னன்னு நான் விளக்கவே வேண்டியிருக்கல.

இந்த வருஷம் ஜூன் 16 யூத் டேக்கு என்ன செய்யலாம்னு கேட்டேன். மாட்ரிக் (பன்னண்டாவது) படிக்கற பொண்ணு ஒருத்தி, "டீச்சர் நம்ம கான்ஸ்டிட்யூஷன்ல செக்ஷுவல் ஓரியண்டேஷன்னு எழுதியிருக்கே, அது எப்படி உள்ள வந்துச்சு, அதுல நம்ம ஆளுங்க யாராச்சும் இருந்தாங்களா"ன்னு கேட்டா. முதல் பாதிக்கு ரெண்டு வரில பதில் சொல்லிடலாம். 1993 இடைக்கால சட்டத்துலயே வந்துடுச்சு, 1996 சட்டத்துல 9ஆம் பிரிவுல நிக்குது, உலகத்துல எந்த நாட்டு அரசியல் சட்டத்துலயும் அதுக்கு முன்னாடி இப்படி வெளிப்படையா எழுதல. ஆனா அந்த ரெண்டு வரிய போர்டுல எழுதிப் போட்டா அடுத்த வாரமே மறந்துடுவாங்கன்னு எனக்கே தெரியும். கப்பல் லிஸ்ட்ல அவங்க மாட்டிக்கிட்டதே தாத்தா பேரு மை மங்கிப்போய் அந்தத் தாள்ல இருந்ததாலதான்.

ஜோபர்க்ல (ஜோஹன்னஸ்பர்க்) இதுக்குன்னே ஒரு ஆர்கைவ் இருக்குன்னு கேள்விப்பட்டேன். பசங்கள எட்டு மணி நேரம் பஸ்ல கூட்டிட்டுப் போக ஃபண்டு கிடையாது. அதுல இருக்கறத இங்கருந்தே எப்படி கிளாஸுக்குக் கொண்டு வர்றது, நம்ம டர்பன் தமிழ் ஆளுங்க பக்கம் ஏதாச்சும் இருக்கா, அப்புறம் பெத்தவங்க சண்டைக்கு வந்தா என்ன சொல்றது, இது மூணுந்தான் என் கவலை. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ப்ராம்ஃபாண்டெயின்_வாசி

டீச்சர், நீங்க சொல்றது காலா க்வியர் ஆர்கைவ். விட்ஸ் யூனிவர்சிட்டில படிக்கும்போது அங்க கொஞ்ச நாள் வாலண்டியரா பெட்டி தூக்கிருக்கேன். 1997ல ஆரம்பிச்சது, அதாவது கான்ஸ்டிட்யூஷன் அமலுக்கு வந்த அதே வருஷம், அது சும்மா தற்செயல்னு நான் நினைக்கல. அதுவரைக்கும் இவங்களப் பத்தி பத்திரமா எழுதி வச்சிருந்தது போலீஸ், கோர்ட், டாக்டருங்கதான். இவங்களே எழுதினது, எடுத்த போட்டோ, மீட்டிங் மினிட்ஸ், டிஷர்ட், பேனர் எல்லாம் யார் வீட்டு கட்டிலுக்கு அடியிலயோ கிடந்துச்சு, அதுக்குள்ள எய்ட்ஸ்ல ஆளுங்க வேற செத்துட்டு இருந்தாங்க.

பசங்களுக்கு நான் மூணு விஷயம் எடுப்பேன், அதுக்கு மேல வேணாம், திகட்டிடும்.

ஒண்ணு 1969 சட்டம். 1966 ஜனவரில ஜோபர்க் ஃபாரஸ்ட் டவுன்ல ஒரு வீட்டுல பார்ட்டி நடக்கும்போது போலீஸ் ரெய்டு, முந்நூறு பேருக்கு மேல இருந்தாங்கன்னு பேப்பர் எல்லாம் அலறுச்சு, அது பார்லிமென்ட் வரைக்கும் போயி கடைசில இம்மோராலிட்டி சட்டத்துல 20ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. "பார்ட்டி"ல ரெண்டு ஆம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் ஆசையோட தொட்டா குத்தம், பார்ட்டின்னா என்னன்னா ரெண்டு பேருக்கு மேல இருந்தாலே பார்ட்டி. இந்த வாசகத்த பிரிண்ட் எடுத்து கைல குடுத்துட்டு நீங்க ஒண்ணும் பேசாதீங்க, பசங்களே சிரிப்பாங்க, சிரிச்சு முடிச்சதும் இது 1998ல கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் தூக்கற வரைக்கும் புக்ல இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. உங்க பசங்களோட அப்பா அம்மா அப்போ ஸ்கூல் படிச்சிருப்பாங்க.

ரெண்டாவது சைமன் ன்கோலி. 1984ல செபோகெங் பக்கம் வாடகைப் போராட்டத்துக்கு அப்புறம் பிடிச்சு டெல்மாஸ் ராஜத்துரோக வழக்குல 22 பேர்ல ஒருத்தரா நிறுத்தினாங்க, தூக்கு கூட கிடைச்சிருக்கலாம். உள்ள இருக்கும்போதே தான் ஒரு கே, அதாவது ஓரினச்சேர்க்கையாளர்னு கூட இருந்தவங்ககிட்ட சொல்றாரு, சில தோழருங்க இவரு இருந்தா நம்ம கேஸ் கெட்டுடும் தனியா விசாரிக்கட்டும்னு சொல்ற அளவுக்கு போச்சு, கடைசில ஒண்ணாவே நின்னாங்க, 1988ல விடுதலையானாரு. வெளிய இருந்த வெள்ளைக்கார கே சங்கமோ அரசியல் வேணாம்னு இவர கைகழுவிடுச்சு. பின்னாடி அதே கேஸ்ல இருந்த டெரர் லெகோட்டா மாதிரி ஆளுங்க ஏஎன்சி கட்சில பெரிய ஆளாகி, சட்டம் எழுதற நேரத்துல எங்களோட ஜெயில்ல இருந்தவன எப்படி விட முடியும்ங்கற மாதிரி நினைச்சத வெளிப்படையா சொல்லிருக்காங்க. உங்க மாட்ரிக் பொண்ணு கேட்டதுக்கு பாதி பதில் இங்கதான் இருக்கு.

அவரு ஜெயில்லருந்து காதலருக்கு எழுதின லெட்டருங்க காலால இருக்கு. காபி கேட்டு மெயில் போடுங்க. ஒரே ஒரு லெட்டர் போதும், தேதி பேரு எதுவும் சொல்லாம குடுங்க. யார் எழுதிருக்கா, யாருக்கு, எந்த இடத்துல உக்காந்து, இத வாங்கறவருக்கு முன்னாடி வேற யார் படிச்சிருப்பான்னு கேளுங்க. கடைசி கேள்விக்கு ஒருத்தன் "வார்டன்"னு சொன்ன உடனே எல்லாரும் லெட்டர திரும்ப முதல்லருந்து படிப்பாங்க, ஏன் இந்த இடத்துல சுத்தி வளைச்சு எழுதிருக்காருன்னு அப்பதான் புரியும்.

மூணாவது 1990 அக்டோபர் 13, ஆஃப்ரிக்காவுல முதல் ப்ரைட் ஊர்வலம், சுமார் 800 பேர், அதுல சிலர் தலைல பேப்பர் பையக் கவுத்துக்கிட்டு கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டு நடந்தாங்க. அந்த போட்டோவுக்கு விளக்கமே வேணாம்.

மெரிபேங்க்_ஆன்ட்டி

டீச்சர் கண்ணு நல்லா செய்யறே, ஆனா ஜோபர்க் பக்கமே பாத்துட்டு இருந்தா நம்ம ஊரு விட்டுப்போயிடும். நம்ம டர்பன் கேட்டோ மேனர்ல நம்ம ஆளுங்க காய்கறித் தோட்டம் போட்டு ஷேக் (குடிசை) கட்டி வாடகைக்கு விட்டாங்களே, அந்த மக்கும்பானேல 1950கள்ல ஆம்பளையும் ஆம்பளையும் ஊரறிய கல்யாணம் பண்ணிருக்காங்க, ஜூலு முறைப்படி, ஆட்டம் பாட்டம் எல்லாம், பின்னாடி ஆராய்ச்சிக்காரங்க வந்து எழுதி வச்சிருக்காங்க. இனம் இனமா பிரிச்சுக் குடிவைக்கற குரூப் ஏரியாஸ் சட்டத்துல அங்க இருந்த ஆஃப்ரிக்க ஆளுங்கள க்வாமாஷுவுக்கும் நம்மள சாட்ஸ்வர்த்துக்கும் தூக்கி எறிஞ்சப்போ அதெல்லாம் சிதறிடுச்சு. எங்க அவ்வா அங்க மார்க்கெட்டுக்கு கீரை போட்டவங்க, பக்கத்துல எல்லாம் நடந்துச்சு யாரும் ஒண்ணும் சொல்லலன்னு சொல்லுவாங்க, அதுக்கு மேல கேட்டா வாய மூடிக்குவாங்க.

அப்புறம் ஒண்ணு. பசங்க சிக்ஸ்ஃபுட் டான்ஸ் (நம்ம தெருக்கூத்து) போட்டோவ கொண்டு வந்து இதோ நம்ம ஆளுங்கன்னு சொல்லுவாங்க பாரு. கூத்துல திரௌபதி வேஷம் கட்டினது எல்லாம் ஆம்பளைங்கதான், மை வச்சு பூ வச்சு புடவை கட்டி விடிய விடிய ஆடுவாங்க, காலைல ஷுகர் மில்லுக்கு வேலைக்குப் போவாங்க, பொண்டாட்டி புள்ள இருக்கும். அதுல ஒருத்தரு ரெண்டு பேரு வேஷத்த கலைக்க மனசில்லாம இருந்திருக்கலாம். யாருன்னு நமக்கெப்படி தெரியும். செத்துப்போனவங்க நெத்தில நம்ம பேர் எழுதி ஒட்டக் கூடாது. போட்டோவ காட்டு, வேஷம் கட்டினவரு பேரன் பேத்திய கூப்பிட்டு அவரு எப்படி இருந்தாருன்னு சொல்ல சொல்லு, அதோட நில்லு.

எங்க ரோட்டுல ஒரு அங்கிள் இருந்தாரு, கல்யாணப் பொண்ணுங்களுக்கெல்லாம் அவருதான் கொண்டை போடுவாரு, மெரிபேங்க்லருந்து ஐசிபிங்கோ வரைக்கும் கூப்பிடுவாங்க. கூடவே ஒரு "ஃப்ரெண்டு" இருந்தாரு, முப்பது வருஷமா ஒரே வீடு. மாரியம்மன் போர்ரிட்ஜ் ப்ரேயர் அன்னைக்கு ரெண்டு பேரும் சேந்துதான் கூழ் ஊத்துவாங்க. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேரு சொல்லல. அவரு போனதும் அக்கா பசங்க வந்து வீட்ட காலி பண்ணாங்க, ஆல்பமெல்லாம் பின்னாடி குப்பைல கிடந்துச்சு. நான் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், பொண்ணுங்க கொண்டை போட்டோதான் பூரா, மூஞ்சி கூட தெரியாது, கண்ணாடில மட்டும் ஒரு மூலைல அவரு தெரிவாரு வாயில ஹேர்பின் கடிச்சுக்கிட்டு.

டோங்காட்_1860

மன்னிக்கணும் டீச்சர், கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. நம்ம பசங்களுக்கு ஒழுங்கா அம்மா அப்பான்னு எழுதத் தெரியல, தைப்பூசத்துக்கு காவடி எதுக்குன்னு தெரியல. இருக்கற ரெண்டு மணி நேரத்துல இது தேவையா? யாரையும் வெறுக்கல, அவங்கவங்க வாழ்க்கை அவங்கவங்களுக்கு. ஆனா கம்யூனிட்டி பணத்துல நடக்கற கிளாஸ்ல இத எடுத்தா ஆளுங்க புள்ளைங்கள நிறுத்திடுவாங்க, அப்புறம் தமிழும் போச்சு.

மெரிபேங்க்_ஆன்ட்டி

தம்பி, கூழ் ஊத்தின அந்த அங்கிளுக்கு காவடி எதுக்குன்னு உன்ன விட நல்லா தெரியும்.

சனிக்கிழமை_டீச்சர்

அண்ணா கோவமெல்லாம் இல்ல, இந்தக் கேள்வி ஹால்லயும் வரத்தான் போகுது. அதுக்கு நான் யோசிச்சு வச்சிருக்கற பதில் நவி பிள்ளை. கிளேர்வுட்ல பஸ் டிரைவர் பொண்ணு, ஊரே காசு போட்டு யூனிவர்சிட்டிக்கு அனுப்பினாங்க, 1967ல நேட்டால்ல சொந்தமா லா ஆஃபீஸ் திறந்த வெள்ளைக்காரங்க அல்லாத முதல் பெண்ணுன்னு நம்ம ஹால்ல போஸ்டரே ஒட்டிருக்கோம். அவங்க ஐநா மனித உரிமை ஹைகமிஷனரா இருக்கும்போதுதான் எல்ஜிபிடி மக்கள் மேல நடக்கற வன்முறையப் பத்தி ஐநாவோட முதல் ரிப்போர்ட் 2011ல வந்துச்சு, அதுக்கு வழி விட்ட தீர்மானத்த கொண்டு வந்ததும் நம்ம சவுத் ஆஃப்ரிக்காதான். 2013 ஜூலைல ஃப்ரீ அண்ட் ஈக்வல்னு உலகப் பிரச்சாரத்த கேப் டவுன்ல டெஸ்மண்ட் டூட்டு பக்கத்துல உக்காந்து ஆரம்பிச்சு வச்சாங்க. போஸ்டர்ல இது மட்டும் இல்ல. நம்ம தமிழ்ப் பொண்ணுன்னு பெருமையா சொல்றோம், அப்போ அவங்க செஞ்ச வேலைல பாதிய மறைச்சுட்டா சொல்றது?

தமிழ் நேரம் குறையாது, பசங்க இன்டர்வியூ எடுக்கறதையும் எழுதறதையும் தமிழ்லதான் செய்யச் சொல்லப்போறேன்.

பென்சில்_மட்டும்

லைப்ரரில வேலை பாக்கறவன். எல்லாரும் நல்ல விஷயமா சொல்லிருக்கீங்க, ஆனா ஆன்ட்டி சொன்ன அந்த ஆல்பம் மாதிரி ஒண்ண பசங்க கைல குடுக்கறதுக்கு முன்னாடி சில வேலை இருக்கு, யாருமே அதப் பேசல.

அனுமதி. போபியா சட்டம், அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2021 ஜூலைலருந்து முழுசா அமல்ல இருக்கு, அதுல ஒருத்தரோட பாலியல் வாழ்க்கைங்கறது சிறப்புப் பாதுகாப்புல வர்ற தகவல், சும்மா பேர் போட்டு ஃபேஸ்புக்ல ஏத்த முடியாது. உயிரோட இருக்கற ஒருத்தர் பேசினா பேப்பர்ல கையெழுத்து வேணும், அதுல ஆமா இல்லன்னு ரெண்டு கட்டம் மட்டும் வச்சா பத்தாது. கிளாஸ்ல கேக்கலாம் ஆனா ஆன்லைன் வேணாம், வேற பேர்ல போடலாம், குரல் வேணாம் எழுத்து மட்டும், நான் செத்த அப்புறம் திறங்க, அம்மா இருக்கற வரைக்கும் வேணாம், இப்படி ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, எல்லாத்துக்கும் இடம் விடணும். சொன்னத திரும்ப வாங்கிக்கவும் வழி இருக்கணும். இந்த ஃபார்ம பசங்களையே உக்காந்து எழுதச் சொல்லுங்க டீச்சர், நான் பாத்தவரைக்கும் லெட்டர விட இதுலதான் அதிகமா கத்துக்கறாங்க, ஏன்னா அம்மா இருக்கற வரைக்கும் வேணாம்னு ஒருத்தர் ஏன் சொல்லணும்னு அவங்களே யோசிக்க வேண்டி வருது.

கிளாஸ்ல யாரையும் நீ யாருன்னு கேக்கறதோ, கைய தூக்குன்னு சொல்றதோ கூடவே கூடாது. 18க்கு கீழ இருந்தா ப்ராஜெக்ட் என்னன்னு வீட்டுக்குத் தெளிவா எழுதி அனுப்புங்க, ஆனா எந்தப் புள்ளை எந்த டாபிக் எடுத்துச்சுன்னு அந்த லெட்டர்ல வேணாம்.

பொருளப் பத்தி. நம்ம வீட்டு 80கள் ஆல்பம் பூரா அந்த ஒட்டற பக்கம், மேல பிளாஸ்டிக் ஷீட், அந்தப் பசைதான் போட்டோவ மஞ்சளாக்குது. பிடிச்சு இழுக்காதீங்க, கிழிஞ்சுடும். வரலன்னா பக்கத்தோடயே ஸ்கேன் பண்ணுங்க, சின்னப் போட்டோன்னா 600 டிபிஐ வைங்க. எந்த வரிசைல ஒட்டிருந்துச்சுன்னு முதல்ல செல்லுல படம் எடுத்துக்கங்க, யாரு பக்கத்துல யார வச்சாங்கங்கறதும் ஒரு தகவல்தான். பின்னாடி எழுதணும்னா மெத்துன்னு பென்சில், பேனா கூடாது, செலோடேப் கூடவே கூடாது, லேமினேட் பண்றேன்னு யாராச்சும் கிளம்பினா கையப் பிடிச்சுக்கங்க. டர்பன் ஈரத்துல கராஜ்ல வச்சா ஃபிஷ்மாத் பூச்சி தின்னுடும், வீட்டுக்குள்ள அலமாரி மேல்தட்டு நல்லது. ஒரிஜினல் அவங்கவங்க வீட்டுலயே இருக்கட்டும், காபி போதும். எங்கயாச்சும் குடுக்கணும்னு வந்தா காலா இருக்கு, வெஸ்ட்வில் கேம்பஸ்ல காந்தி-லுத்துலி டாக்குமென்டேஷன் சென்டர் இருக்கு, இந்திய வம்சாவளி விஷயம் பூரா அங்கதான், கேட்டுப் பாருங்க.

ஃபீனிக்ஸ்_20

நான் இந்த கிளாஸ் இல்ல, ஆனா வயசு கிட்டத்தட்ட அதேதான், நானும் எல்ஜிபிடிதான், சோ ஒரு ரிக்வெஸ்ட். ரெய்டு ஜெயில் எய்ட்ஸ் மட்டும் காட்டாதீங்க ப்ளீஸ். ஸ்கூல்ல நம்மளப் பத்தி ஏதாச்சும் வந்தாலே யாராச்சும் சாகறாங்க, பக்கத்துல உக்காந்திருக்கறவன் திரும்பி என்ன ஒரு மாதிரி பரிதாபமா பாக்கறான். கேப் டவுன் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்ல க்யூபின்னு ஒரு ஹேர்டிரெஸ்ஸர், அவங்க போட்டோ நூத்துக்கணக்குல காலால இருக்கு, 2018ல டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியமும் காலாவும் சேந்து எக்ஸிபிஷன் போட்டாங்க. சலூன்ல ஃப்ரெண்ட்ஸோட, பீச்ல, டான்ஸ் பார்ட்டி கவுன்ல, ரோட்டுல அக்கம்பக்கத்து ஆளுங்களோட, எல்லாத்துலயும் சும்மா ஜாலியா இருக்காங்க. நான் அதப் பாத்தப்போதான் ஓ இப்படி சந்தோஷமா வயசாகலாம் போலன்னு முதல் தடவ தோணுச்சு. ஆன்ட்டி சொன்ன கொண்டை அங்கிள் கதை படிச்சதும் க்யூபிதான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, ஃபாரஸ்ட் டவுன் ரெய்டு 1966 ஜனவரி, டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ வெள்ளைக்காரங்க ஏரியான்னு அறிவிச்சது 1966 பிப்ரவரி. அடுத்தடுத்த மாசம். ரெண்டையும் ஒரே பேஜ்ல போட்டு பசங்களுக்கு காட்டுங்க, வெள்ளைக்காரங்க வீட்டுக்குள்ள யாரு யாரத் தொடறான்னும் பாத்தாங்க, வெளிய யாரு எங்க குடியிருக்கான்னும் பாத்தாங்க, ரெண்டும் ஒரே அரசாங்கம்தான்.

அப்புறம் இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பெரும்பாலும் ஆம்பளையா பொறந்தவங்க கதை. பொண்ணுங்க எங்க?

ப்ராம்ஃபாண்டெயின்_வாசி

நல்ல கேள்வி, அத கிளாஸ்லயே கேக்கணும். பழைய சட்டம் குத்தம்னு சொன்னது ஆம்பளைங்கள, அதனால போலீஸ் பைல் கோர்ட் பேப்பர் எல்லாத்துலயும் அவங்கதான். பொண்ணுங்கள ஜெயில்ல போடல, வீட்டுலயே பூட்டி வச்சு கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க, அதுக்கு எந்தக் கோர்ட்டும் ரெக்கார்டு எழுதாது. ஆர்கைவ்ல இல்லன்னா நடக்கலன்னு அர்த்தம் இல்லங்கறத பசங்களுக்கு இத வச்சே சொல்லிடலாம். உங்க கப்பல் லிஸ்டும் அப்படித்தானே டீச்சர், நூறு ஆம்பளைக்கு நாப்பது பொம்பளைன்னு கணக்கு வச்சு ஏத்தினாங்க, பேரு ஊரு ஜாதி உயரம் தழும்பு வரைக்கும் எழுதினாங்க, கூலி லைன் பேரக்ஸ்ல யாரு யாரோட ஆறுதலா இருந்தாங்கன்னு எழுதல.

பொண்ணுங்கள்ல பெவர்லி டிட்சீல ஆரம்பிங்க. சொவெட்டோ, ன்கோலியோட சேந்து 1990 ப்ரைட் நடத்தினவங்க, 1995ல பெய்ஜிங் பெண்கள் மாநாட்டுல ஐநா மேடைல லெஸ்பியன் உரிமைக்காகப் பேசினாங்க, அப்போ வயசு இருபத்தி சொச்சம்தான். உயிரோட இருக்காங்க, படம் எடுக்கறாங்க.

க்யூர்பிப்_பக்கம்

மொரிஷியஸ்லருந்து. நீங்க 1998ல தாண்டினத நாங்க 2023 அக்டோபர் 4லதான் தாண்டினோம், ஓரினச்சேர்க்கைய குத்தமாக்கின 250ஆம் பிரிவு செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அந்த கேஸ் நடந்தத கண்ணால பாத்தவங்க எல்லாரும் இப்போ இளவட்டம், செல்லுல எல்லாம் இருக்கு, ஆனா செல்லு மாத்தினா போச்சு. அதனால எங்க தமிழ் லீக் பசங்ககிட்ட நான் சொல்றது பழச தேடறதோட இப்போ நடக்கறதையும் எடுத்து வைங்கன்னு. வாட்ஸ்அப் வாய்ஸ்நோட்ட சேவ் பண்ணி, யாரு எப்போ எதப்பத்தி பேசினாங்கன்னு பைல் பேர்லயே எழுதி ரெண்டு இடத்துல வைங்க, அது போதும் ஆரம்பத்துக்கு. பென்சில் அண்ணா அந்த ஃபார்ம் மாதிரி இருந்தா இங்க போடுங்க, க்ரியோல்ல மாத்திக்கறேன்.

டோங்காட்_1860

டீச்சர், நவி பிள்ளை விஷயம் தெரியாது, தேடிப் பாத்தேன் சரிதான். இன்னும் எனக்கு முழு சம்மதம் இல்ல. ஆனா கூத்து பத்தி ஆன்ட்டி சொன்னாங்களே, எங்க பெரியப்பா மவுண்ட் எட்ஜ்கோம்ப்ல திரௌபதி கட்டினவரு. போட்டோ நாலஞ்சு இருக்கு. கூத்துங்கற முறைல மட்டும் காட்டறதா இருந்தா தர்றேன், பக்கத்துல வேற எழுத்து எதுவும் வரக்கூடாது.

சனிக்கிழமை_டீச்சர்

அண்ணா நீங்க சொன்னத அப்படியே ஃபார்ம்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கறேன், பசங்க எழுதப்போற முதல் ஃபார்ம் உங்களோடதுதான்.

காலாவுக்கு லெட்டர் காபியும் க்யூபி படமும் கேட்டு இன்னைக்கே மெயில் போட்டுட்டேன். முதல் வாரம் அந்த 20ஏ பிரிவு, அடுத்தது லெட்டர், அப்புறம் ஃபார்ம், அது முடிஞ்சாதான் ஆல்பம். ஃபீனிக்ஸ் கண்ணு, நீ வந்து க்யூபி படம் மட்டும் காட்டிப் பேசுவியா, உன்னப் பத்தி ஒரு வார்த்தை பேச வேணாம். பெரிய ஆல்பம் வைக்கற மாதிரி ஸ்கேனர் யார்கிட்டயாச்சும் இருக்கா, ஹால்ல இருக்கறது ஏ4தான், அதுவும் லோட்ஷெட்டிங் வந்தா அவ்வளவுதான்.

ஃபீனிக்ஸ்_20

வர்றேன் டீச்சர். கூட என் ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வரலாமா, அவளும் போட்டோ பைத்தியம்.

மெரிபேங்க்_ஆன்ட்டி

என் தம்பி மகன் கல்யாண போட்டோ எடுக்கறவன், ஏ3 ஸ்கேனர் வச்சிருக்கான், இன்வெர்ட்டரும் இருக்கு. நானே ஆல்பத்தோட வர்றேன். அந்த "ஃப்ரெண்டு" இன்னும் ஷால்கிராஸ்ல தங்கச்சி வீட்டுல இருக்காரு, எண்பது தாண்டிடுச்சு, முதல்ல அவர்கிட்ட கேட்டுட்டுதான் திறப்பேன், அவரு வேணாம்னா வேணாம். அப்புறம் திங்கற எதையும் நடுவுல வைக்காத, கைய கழுவி தொடச்சுட்டு வரச்சொல்லு எல்லாரையும்.